அடுத்தவளின் தூக்கம்

பாக்தாத் நகரத்தில், செம்புக் கொல்லர் சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு குறுகலான தெருவில், யூதக் குடும்பங்களெல்லாம் விமானம் ஏறிப் போய் ஒரு வருஷம் கழிந்த கோடையில், துஃபாஹா விட்டுப்போன வீட்டின் நிலவறையிலிருந்து துஃபாஹாவின் குரல் மறுபடியும் பேசத் தொடங்கியது. அதை முதலில் கேட்டவள் பக்கத்து வீட்டுப் பஹீஜா. அவள் அலறவுமில்லை, ஓடவுமில்லை, கையிலிருந்த தர்பூசணித் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, "எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?" என்று கேட்டாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் மொட்டை மாடியில் இடுப்பளவோடு நின்றுவிட்டதால், ஒருத்தி காயப்போட்ட துணியை இன்னொருத்தி எடுத்து மடிப்பதும், ஒருத்தி அடுப்பில் மறந்துபோன குழம்பை இன்னொருத்தி வாசனையில் கண்டுபிடித்துக் கத்துவதும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்துகொண்டிருந்தது. பஹீஜா முஸ்லிம், ஆற்றில் படகு ஓட்டிய ஒருவரின் விதவை. துஃபாஹா யூதப் பெண், துணி வியாபாரி சாசூனின் மனைவி. பஹீஜாவின் ஒரே மகள் சிஹாம் பிறந்த மாதத்தில் பஹீஜா டைபாய்டு காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, துஃபாஹாதான் ஒரு பக்கம் தன் மகனையும் மறுபக்கம் சிஹாமையும் போட்டுக்கொண்டு இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். அதனால் சிஹாமுக்கு அம்மா இரண்டு பேர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பெரிதாகப் பேசாத விஷயமாக இருந்தது.

பிறகு பாலஸ்தீனத்தில் சண்டை வந்தது, இஸ்ரேல் என்று ஒரு நாடு உண்டானது, அங்கிருந்து அரபுகள் லட்சக்கணக்கில் துரத்தப்பட்டார்கள், அதற்கெல்லாம் எங்கள் ஊர் யூதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பாக்தாத் பத்திரிகைகள் எழுதின. அலுவலகங்களில் யூதர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், சில வீடுகளில் பையன்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எங்கோ குண்டு வெடித்தது, யார் வைத்தார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குடியுரிமையைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டால் நாட்டை விட்டுப் போகலாம் என்று ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, போட்டவர்களின் கடை, வீடு, வங்கிப் பணம் அத்தனையும் முடக்கப்பட்டதாக இன்னொரு சட்டம் வந்தது. சாசூன் காலையில் கடைக்குப் போனபோது கதவில் அரக்கு முத்திரை இருந்தது. அவர் அதன் முன்னால் ஒரு வாடிக்கையாளரைப் போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். கடைசி வாரத்தில் தெருவெல்லாம் பாய் விரித்துப் பாத்திரம் விற்றார்கள். எதிர்வீட்டு உம்மு ஜப்பார், துஃபாஹா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெரிய செம்பு அண்டாவை ஒரு கூடை வெங்காயத்தின் விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு, போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதும் குற்றமாகிவிட்டது. முன்பெல்லாம் சனிக்கிழமை யூதர்கள் கடையை மூடினால் துணிச் சந்தை முழுவதும் மூடிக் கிடக்கும். இப்போது எல்லாக் கிழமையும் திறந்திருந்தது, கடன் கொடுக்கத்தான் ஆளில்லை, சரக்கு வரவழைக்கத் தெரிந்தவரும் இல்லை. பஹீஜா சில நாள் மாலையில் மாடிக்குப் போய், பக்கத்து மாடியில் கொடி மட்டும் காற்றில் ஆடுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வருவாள்.

காலியான வீடுகளில் அரசாங்கம் பாலஸ்தீன அகதிகளைக் குடிவைத்தது. துஃபாஹாவின் வீட்டில் அறைக்கொரு குடும்பம் வந்தது. கீழ் அறை சப்ஹாவுக்கும் அவள் புருஷன் ஹம்தானுக்கும் கிடைத்தது. அவர்கள் அயின் லோஸ், அதாவது பாதாம் ஊற்று, என்ற மலைக் கிராமத்தார். கடலைப் பார்த்த சரிவில் பாதாம் தோப்பும் கல் வீடுமாக இருந்தவர்கள். ஹம்தான் செங்கல் சூளைக்குச் சுமை தூக்கப் போனான். சப்ஹா வீட்டில் இருந்தாள், தூங்காமல் இருந்தாள். ஊரை விட்டு இறங்கிய காலையிலிருந்து அவள் தூங்கவில்லை என்று ஹம்தான் சொன்னபோது தெருப் பெண்கள் பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். பிறகு முறை வைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள்தான் தூங்கிப்போனார்கள். சோம்புக் கஷாயம் கொடுத்தார்கள், தலையில் எண்ணெய் வைத்தார்கள், ஒருத்தி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். சப்ஹா அந்தக் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசியது போன்ற வளையங்களோடு அவள் நடந்து திரிவதற்குத் தெரு பழகிக்கொண்டது.

பாக்தாத் வீடுகளில் வெயிலுக்கு ஒதுங்க நிலவறை உண்டு, சர்தாப் என்பார்கள். கோடையின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் சப்ஹா அதற்குள் இறங்கி, குளிர்ந்த சுவரில் சாய்ந்தாள். துஃபாஹா எப்போதும் பாய் விரிக்கும் இடம் அது என்று அவளுக்குத் தெரியாது. சாய்ந்தவள் அப்படியே சரிந்து தூங்கிப்போனாள். பஹீஜா அவளுக்குக் கொடுக்கத் தர்பூசணியோடு இறங்கியபோது, சப்ஹாவின் வாயிலிருந்து, மலைக் கிராமத்துப் பேச்சின் சாயல்கூட இல்லாமல், பாக்தாத் யூதப் பெண்கள் ரகரத்தைத் தொண்டையில் உருட்டிப் பேசும் அந்தப் பேச்சு வந்தது.

"எங்கேயும் போகலையே, இங்கேதான் படுத்திருக்கேன்," என்றது குரல். "உனக்கு வர்றது எனக்கு வரட்டும் பஹீஜா, சிஹாம் சாப்பிட்டாளா?"

உனக்கு வருவது எனக்கு வரட்டும் என்பது யூத வீட்டுப் பெண்கள் மட்டும் சொல்லும் கொஞ்சல். பஹீஜா சப்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, சிஹாமுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, பள்ளிக்கூட வாத்தியார், பேரீச்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று சொன்னாள். மருதாணியை நான் வந்துதான் வைக்க வேண்டும் என்று குரல் சொன்னது. வேறு யாரையும் வைக்க விடாதே என்று கோபித்துக்கொண்டது.

சப்ஹா கண் விழித்ததும் கேட்டது ஒன்றுதான். "அக்கா, நான் தூங்கினேனா?"

"தூங்கினே கண்ணு."

சப்ஹா இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், அந்நியர் முகத்தைத் தடவுவது போல.

அன்று முதல் தினமும் மத்தியானம் சப்ஹா தூங்கினாள், துஃபாஹா பேசினாள். இஸ்ரேலில் விமானம் இறங்கியதும் பூச்சிக்கு அடிப்பது போலத் தங்கள் மேல் வெள்ளைப் பொடி அடித்ததையும், மழையில் கூடாரம் சாய்ந்ததையும், ரொட்டிக்கு வரிசையில் நின்றதையும் சொன்னாள். சாசூன் சாலை போடுகிற வேலைக்குப் போகிறார், பட்டுத்துணியைத் தடவிப் பார்த்தே விலை சொன்ன விரல்களில் இப்போது கடப்பாரை பிடித்த காய்ப்பு; பாடிக்கொண்டே வேலை செய்வது அவர் வழக்கம், அரபியில் பாடாதே என்று மேஸ்திரி கத்துகிறான். "அங்கே யூதன்னு கூப்பிட்டாங்க, இங்கே அரபுக்காரன்னு கூப்பிடுறாங்க, பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கார்," என்றாள். கூடாரத்தில் தனக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை என்றும், மலைமேல் காலியாகக் கிடந்த ஒரு கிராமத்தில் இப்போது கல் வீடு கொடுத்திருக்கிறார்கள், அந்த வீட்டுக்கு வந்த மத்தியானம்தான் கண்ணை மூட முடிந்தது என்றும் சொன்னாள்.

தெருவுக்கு இதெல்லாம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். தன் மனைவி தூங்குவதைக் கண்டவனெல்லாம் பார்ப்பதா என்று ஹம்தான் சண்டைக்கு வந்தான். அது நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு குறுக்கே ஒரு திரை கட்டினார்கள், திரைக்கு உள்ளே பஹீஜா மட்டும் உட்காரலாம் என்று ஏற்பாடானது. இது நல்லதா கெட்டதா என்று பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டார்கள். தூங்குகிறவர் பேச்சு கணக்கில் வராது என்று அவர் சொல்லிவிட்டு, யூத வைத்தியர் தனக்குக் கொடுத்த இருமல் மருந்தில் என்ன கலப்பார் என்று முடிந்தால் கேட்டுச் சொல்லச் சொன்னார். துணிச் சந்தைக்காரர்கள் வந்து, சரக்குக்கு எந்த ஊருக்கு எப்படி எழுத வேண்டும் என்று சாசூனைக் கேட்கச் சொன்னார்கள். சாசூன் பதில் அனுப்பினார். கூடவே, என் கடை முத்திரை இன்னும் இருக்கிறதா, யாராவது உடைத்துவிட்டார்களா என்றும் கேட்டார். அதைக் கேட்டதும் அவர்கள் எழுந்து போனார்கள்.

உம்மு ஜப்பார் மட்டும் வராமலே இருந்தாள். ஒருநாள் குரலே அவளைப் பற்றிக் கேட்டது. "உம்மு ஜப்பார் என் அண்டாவுக்கு ஈயம் பூசினாளா? பூசாம சமைச்சா பிள்ளைங்களுக்கு வயித்துவலி வரும்னு சொல்லு." அன்று சாயங்காலம் உம்மு ஜப்பார் அந்த அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து நிலவறையில் இறக்கி வைத்தாள். படியேறும்போது முகத்தை மூடிக்கொண்டு போனாள்.

அப்புறம் போலீஸ் வந்தது. தெருவார் மரியாதையாக எஃபெந்தி என்று கூப்பிடும் இன்ஸ்பெக்டர் நாஜி, எதிரி நாட்டோடு தொடர்பு வைத்திருப்பதாகப் புகார் என்று சொல்லி, பூட்ஸ் காலோடு நிலவறைக்குள் இறங்கினார். திரைக்கு இப்பால் நின்று நெடுநேரம் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"யாரைக் கைது பண்றது?" என்று தன்னையே கேட்டுக்கொள்வது போலப் பஹீஜாவைக் கேட்டார். "வாய் இந்தப் பொண்ணோடது. அகதி, அரசாங்கத்தோட விருந்தாளி, தொட முடியாது. பேச்சு அந்த அம்மாவோடது. அவங்க பேரை நாங்களே ரிஜிஸ்டர்லேர்ந்து அடிச்சுட்டோம், அப்படி ஒரு ஆளே கிடையாது."

"என்னைப் பண்ணுங்க எஃபெந்தி. கேள்வி கேக்கிறது நான்தானே."

"தூங்கற பொம்பளை பக்கத்துல உக்காந்து தனக்குத்தானே பேசிக்கிட்டா குற்றமில்லையே," என்றார் அவர். அடுத்த வாரம் சீருடை இல்லாமல், ஒரு கூடை அத்திப்பழத்தோடு வந்து, திரைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் தன்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ஹெஸ்கேல் என்ற தட்டான் மகனைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். அவனுக்கு மூச்சிரைப்பு, கூடார ஈரம் ஒத்துக்கொள்ளாது என்றார். இத்தனை கூடாரத்தில் எங்கே போய்த் தேடுவேன் என்றது குரல். அதற்குப் பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் சப்ஹா ஒருத்தி இருந்தாள். அவள் முகத்துக் கருவளையம் மறைந்தது, கன்னம் தேறியது, ஆனால் கண் விழிக்கும்போதெல்லாம் சுற்றிலும் ஆட்கள் அவளைத் தாண்டி வேறு யாரையோ நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் எல்லோரும் போன பிறகு அவள் பஹீஜாவின் உடுப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, என் வாயாலே அவங்க என்ன பேசுறாங்கன்னு எனக்கும் சொல்லுங்களேன். என் வாய்தானே."

பஹீஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் உட்கார்ந்து, அன்று கேட்டதைச் சொன்னாள். துஃபாஹாவுக்குக் கொடுத்த வீட்டுக் கதவு நீலமாம்; சமையல் மேடை உயரமாம், யாரோ நெட்டையான பெண் கட்டிக்கொண்டது போலிருக்கிறதாம்; முற்றத்துக் கிணற்று மூடியில் ஒரு மூலை உடைந்து, அந்த இடத்தில் ஒரு திரிகைக் கல்லை வைத்து அடைத்திருக்கிறதாம்; கதவைத் திறந்தால் தூரத்தில் கடல்.

சப்ஹா நல்ல உயரம். நிலவறையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கல்லை வச்சது நான்."

"அவங்க என் வீட்டுல தூங்கறாங்க," என்றாள் சப்ஹா. குரல் உயர்ந்தது. "அது யார் வீடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அடுப்பு இருந்திருக்கும், பாய் இருந்திருக்கும், உப்பு ஜாடியிலே உப்பு இருந்திருக்கும். யாரோடதுன்னு கேக்கத் தோணலையா?"

"காலியா கிடந்த வீடுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்களாம்."

"காலியாவா?"

"உனக்கு இந்த வீட்டை எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க சப்ஹா?"

சப்ஹாவின் பார்வை நிலவறையைச் சுற்றி வந்து, மூலையில் இருந்த செம்பு அண்டாவில் போய் நின்றது. அதில் அவள்தான் அன்று காலை துணி ஊறவைத்திருந்தாள்.

அதற்கடுத்த நாட்களில் துஃபாஹாவே இன்னொரு செய்தி சொன்னாள். மத்தியானம் தூங்கும்போது தான் வேறு யாரோ போல நடந்துகொள்வதாகச் சாசூன் பயப்படுகிறாராம். மலைநாட்டுப் பேச்சில் ஆட்டைக் கூப்பிடுகிறாளாம், மேடை மேல் கையை நீட்டி இல்லாத உப்பு ஜாடியைத் தேடுகிறாளாம். பஹீஜா இதைச் சப்ஹாவிடம் சொன்னாள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்து. "நீ தூங்கறப்போ உன் வீட்டுக்குப் போயிட்டு வர்றே, தெரியுமா?"

சப்ஹா சிரிக்கவில்லை. "போறது நான். ஆனா ஒண்ணும் ஞாபகமில்லையே அக்கா. கடலைப் பாத்தேனா, வீட்டைத் தொட்டேனா? போனதே தெரியாம போய் என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டு, தன் உள்ளங்கைகளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. சோப்பு வாசனைதான்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில், வெயில் கல்லை வெடிக்க வைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், குரல் வழக்கத்துக்கு மாறாகத் தயங்கித் தயங்கிப் பேசியது.

"பஹீஜா, இது அந்தப் பொண்ணோட வீடுன்னு நீ சொன்னியே, அவகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுவியா? தூக்கத்துல நான் எழுந்து போய் முத்தத்துப் பாதாம் மரத்தடியில உக்காந்துக்கறேனாம். உக்காந்து தரையைத் தட்டிக் கொடுக்கிறேனாம். பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. சாசூன் பாத்துட்டுப் பயந்துபோயிட்டார். நாளைக்கு அங்கேதான் கக்கூஸுக்குக் குழி வெட்டறதா இருக்கார், அந்த இடத்துலதான் மண்ணு இளகலா இருக்கு. அங்கே என்ன இருக்குன்னு கேளு."

சப்ஹா விழித்ததும் பஹீஜா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள்.

சப்ஹா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கிராமத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த வாரத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் குடித்தது, விரலைப் பிடித்தது. ஒருநாள் விடியும்போது குடிக்கவில்லை. இடுகாடு எதிர்ச்சரிவில் இருந்தது, அந்தச் சரிவில் யாரும் தலைகாட்ட முடியாது. ஹம்தான் பாதாம் மரத்தடியில் தோண்டினான். தன் தலைத்துணியில் சுற்றி அவளே இறக்கினாள். மறுநாள் ஊர் முழுக்க இறங்கி ஓடியபோது அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள், ஹம்தான் விரல் விரலாகப் பிரித்துத்தான் இழுத்து வந்தான்.

"பேர்?" என்று கேட்டாள் பஹீஜா.

"வைக்கல. குண்டு நிக்கட்டும், ஊரைக் கூப்பிட்டு வைக்கலாம்னு இருந்தோம்." பிறகு சப்ஹா பஹீஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, குழி வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க. வீட்டை வச்சுக்கட்டும். கிணறு, மரம், எல்லாத்தையும் வச்சுக்கட்டும். அந்த இடம் மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க."

மறுநாள் விடியலில் சாசூன் குழி வெட்டுவதாக இருந்ததால், சொல்வதற்கு அன்று ஒரு நாள்தான் இருந்தது. சப்ஹா உடனே படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்ட அவள் முகத்தைப் பார்த்தபடி பஹீஜா உட்கார்ந்திருந்தாள். துஃபாஹாவை அவளுக்குத் தெரியும். எறும்புப் புற்றின் மேல் தண்ணீர் கொட்ட மாட்டாள், தெருவில் சவ ஊர்வலம் போனால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்பாள். முற்றத்தில் ஒரு குழந்தை கிடக்கிறது என்று தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு மத்தியானம்கூடக் கண் மூட மாட்டாள். மூடாவிட்டால் குரல் வராது. சிஹாமின் கல்யாணத்துக்கு மருதாணியைக் குழைத்துச் சப்ஹாவின் கையில் கொடுத்து, தூக்கத்திலேயே துஃபாஹாவை வைக்கச் சொல்லலாம் என்று அவள் பல நாளாக நினைத்து வைத்திருந்தாள். சிஹாமிடம் சொல்லியும் விட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். குழியை வேறு இடத்தில் வெட்டச் சொல் என்று மட்டும் சொல்லி, காரணத்தைப் பிறகு சொல்லலாமா என்று நினைத்தாள். கீழே பாம்பு இருக்கிறது என்று சொல்லலாம். துஃபாஹாவுக்குப் பாம்பென்றால் பயம்.

"பஹீஜா, இருக்கியா?" என்றது குரல்.

"இருக்கேன்."

"கேட்டியா அந்தப் பொண்ணை?"

பாம்பு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அப்போது சப்ஹாவின் கை, பேச்சோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், பாயின் மேல் மெதுவாகத் தட்டிக் கொடுக்கத் தொடங்கியது.

"குழந்தை இருக்குடி அங்கே," என்றாள் பஹீஜா. "அவளோட குழந்தை. பொண்ணு."

சப்ஹாவின் கை பாயின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது. திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை.

"நான் அந்த மரத்தடியிலதான் பாத்திரம் கழுவறேன்," என்றது குரல். "தினமும் அழுக்குத் தண்ணியை அங்கேதான் ஊத்தறேன். ஐயோ பஹீஜா. அந்த அழுக்குத் தண்ணியை அங்கேதான் ஊத்தறேன்."

"உனக்குத் தெரியாது."

"சாசூனை வெட்ட விடமாட்டேன். கல் வச்சு வளைச்சுக் கட்டச் சொல்றேன். அப்புறம் போயிடுவோம். கூடாரத்துக்கே திரும்பப் போறோம்னா சிரிப்பாங்க, சிரிக்கட்டும்." கொஞ்சம் நின்று, "ஆனா அங்கே எனக்குத் தூக்கம் வராதே," என்றது.

"வராது."

"சிஹாமுக்கு மருதாணி..."

"நான் வச்சுக்கறேன். நீ சொன்ன மாதிரியே வைக்கிறேன், உள்ளங்கை நிறைய."

"அதோட பேர் என்ன? இன்னைக்கு ஒருநாள் இங்கே இருப்பேன்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணி விட்டுட்டுப் போறேன். பேர் தெரியாம எப்படி..."

"வைக்கலையாம். வைக்கிறதுக்குள்ள போயிடுச்சாம்."

"பேரில்லாம மண்ணுக்குள்ள கிடக்கக் கூடாது பஹீஜா. கேட்டு ஒரு பேர் சொல்லச் சொல்லு. நான் காத்திருக்கேன், உனக்கு வர்றது..."

வெளியே தெருவில் ஒரு கழுதை வண்டி தகரங்களோடு கவிழ்ந்தது. சப்ஹா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

பஹீஜா எல்லாவற்றையும் சொன்னாள். வெட்ட மாட்டார்கள் என்றதும் சப்ஹா தரையில் நெற்றியை வைத்து அழுதாள். பேர் கேட்டதைச் சொன்னதும் அழுகை நின்றது. "அவங்க எதுக்கு என் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்?" என்று சீறினாள். எழுந்து அந்தச் சின்ன இடத்தில் குனிந்தபடியே நடந்தாள், சுவரில் கையை வைத்து நின்றாள், மறுபடி நடந்தாள். ஹம்தான் சூளையிலிருந்து வந்தபோது அவனைத் திரைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள், ஒரு தடவை ஹம்தான் சத்தமாக விம்மினான். வெளியே வந்தபோது சப்ஹாவின் முகம் தெளிந்திருந்தது.

"பேர் வச்சாச்சு அக்கா," என்றாள். "லோஸா. பாதாம் மரத்துக்குக் கீழே இருக்கறதாலே. சொல்லிடுங்க. நான் இப்பவே படுக்கறேன்."

அவள் படுத்தாள். பஹீஜா விசிறினாள். சப்ஹா கண்ணை மூடினாள், திறந்தாள். புரண்டாள், கண்ணை மூடினாள், திறந்தாள். துஃபாஹா அங்கே கண் மூடாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது மூட்டை கட்டிக்கொண்டிருக்க வேண்டும், யாருக்குத் தெரியும்? மறுநாள் மத்தியானமும் சப்ஹா படுத்தாள். தூக்கம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் திரும்பி வந்தது.

தெருவில் சிலர் பஹீஜாவைக் குறை சொன்னார்கள். ஒரு செத்த பிள்ளைக்காக உயிரோடிருந்த பேச்சை அறுத்துவிட்டாளே என்றார்கள். கல்யாணம்வரை பொறுத்திருக்கலாம் என்றார்கள். மருதாணி வைக்கும் அன்று பஹீஜா சிஹாமுக்கு உள்ளங்கை நிறைய வைத்தாள், வட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்தது, சிஹாம் அதைத் துடைக்க விடாமல் அப்படியே காய வைத்துக்கொண்டாள். சப்ஹாவும் கல்யாணத்துக்கு வந்து, ஓரமாக, திறந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

பேர் வைத்த செய்தி மட்டும் தெரு முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. அது போய்ச் சேரவில்லை என்பதும் தெரிந்துபோயிருந்தது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒருநாள் மத்தியானம், சப்ஹா நிலவறைக்குள் இறங்குகிற நேரத்தில், செம்புக் கொல்லர்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். ஐஸ் வண்டிக்காரன் மணியைத் துணியில் சுற்றினான். உம்மு ஜப்பார் பிள்ளைகளை உள்ளே கூட்டிக் கதவைச் சாத்தினாள், பள்ளிவாசலில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த இமாம் குரலைத் தணித்துக்கொண்டார், நாஜி எஃபெந்தி தெருமுனையில் நின்று வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி வேறு வழியாகத் திருப்பி அனுப்பினார். மறுநாளும் அப்படியே செய்தார்கள். குளிர்காலம் வந்து, நிலவறைக்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லாத நாட்களிலும் செய்தார்கள். தூரத்து ஊர்களிலிருந்து சந்தைக்கு வருகிறவர்கள் அந்த ஒரு தெரு மட்டும் பகலில் மூச்சுவிடாமல் கிடப்பதைப் பார்த்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்பார்கள். ஒரு பெண் தூங்க வேண்டும், அவள் ஒரு பேரைக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கடைக்காரர்கள் கிசுகிசுப்பாகச் சொல்லி அனுப்புவார்கள். கீழே, அந்த அமைதிக்கெல்லாம் அடியில், பஹீஜா விசிறியோடு உட்கார்ந்திருப்பாள். சப்ஹா பாயில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்த கண் இமைக்காமல், லோஸா, லோஸா என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பாள்.